எழுதியாச்சப்பா

கோயமுத்தூரிலிருந்து வெங்கிடாசலம் வந்துவிட்டார் என்று வாசலில் யாரோ சொன்னதும், ஜிஷா அடுக்களைக்குள் ஓடிப்போய் அந்த நீள நோட்டை அரிசி டின்னுக்குள் திணித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதேதான். நோட்டின் மூலை அரிசிக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. அள்ளி அள்ளிப் போட்டு மூடினாள்.

கூடத்தில் அவளுடைய அப்பா ரங்கசாமி, மூக்கில் பஞ்சோடு கிடந்தார். முப்பத்தொரு வருஷம் கொச்சி கார்ப்பரேஷனில் குப்பை வண்டி தள்ளியவர். தள்ளிக்கொண்டே நாளைய உலகத்தைப் பற்றிக் கதை யோசித்தவர். மட்டாஞ்சேரிச் சந்துக்காரர்கள் அவரை ராக்கெட் ரங்கசாமி என்றார்கள். ஒருவரும் ஒரு வரி படித்ததில்லை. படித்து, தன் சின்னப் பத்திரிகையில் அச்சுப் போட்டவர் வெங்கிடாசலம் ஒருவர்தான்.

சர்க்கரை இரண்டு கண்ணையும் தின்ற பிறகுதான் அப்பாவுக்கு நாவல் எழுதும் ஆசை வந்தது. அவர் சொல்ல, ஜிஷா எழுத வேண்டும். அவள் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்து அவளுக்கு எறும்பு வேகத்தில்தான் வரும். அதனால் அப்பாவின் தமிழை அவள் மலையாள எழுத்தில் எழுதினாள். முடிந்ததும் வெங்கிடாசலம் வருவார், அவள் வாசிக்க வாசிக்க அவர் தமிழில் எழுதிக்கொள்வார் என்று ஏற்பாடு.

இசக்கிதுரை என்ற சுமைக்காரன் வல்லார்பாடம் துறைமுகத்தில் ஒரு கண்டெய்னருக்குள் மாட்டிக்கொள்கிறான். உள்ளே நேரம் ஓடாது. அவனுக்கு ஒரு சாயா குடிக்கும் பொழுது, வெளியே பெண்டாட்டிக்கு முப்பது வருஷம். கதவு திறக்கும்போது அவன் வெளியே வருகிறானா? அதுதான் நாவல். "ஒரு கதையில ஒரு பொய்தான் பறயலாம் மோளே. பாக்கியெல்லாம் சத்தியமா இருக்கணும்" என்பார் அப்பா. அதற்காகவே அவளைக் கூட்டிக்கொண்டு போய், சாலையோரம் நின்ற கண்டெய்னர் லாரியின் கதவைத் தடவிப் பார்த்து, தாழ்ப்பாள் கம்பி நான்கு என்று எண்ணிக்கொண்டு வந்தார்.

ஒன்பது அத்தியாயம் ஜிஷா ஒழுங்காகத்தான் எழுதினாள். மசாலாக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தால் கண் சொருகும். அப்பாவோ இன்று சொன்னதை நாளை அடிக்கச் சொல்வார். எப்படியும் மாற்றத்தானே போகிறார், கடைசியில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று ஒருநாள் தோன்றியது. ஆனால் அவர் காதில் பேனா ஓடும் சத்தம் விழ வேண்டுமே! வெறும் சுழியாகப் போட்டாள். "எழுதினியா மோளே?" "எழுதியாச்சப்பா." மறுநாளும் சுழி. நான்கு மாதம். நாற்பத்தேழு பக்கம். போன வாரம் "முற்றும்" என்று அவர் சொன்னதற்கும் ஒரு சுழிதான். "கடைசிப் பக்கம் ஒண்ணு வாசி" என்றார். நாளைக்கு என்றாள். மறுநாள் காய்ச்சல், ஆஸ்பத்திரி. பாவி, ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

வெங்கிடாசலம் உள்ளே வந்து சிநேகிதரின் காலைத் தொட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு ஜிஷாவைத் தேடினார்.

"அம்மிணி, நோட்டு பத்திரமா இருக்குதில்ல? முடிச்சுட்டேன்னு போன்ல சொன்னாரு. சின்னக் கொழந்தையாட்டச் சிரிச்சாரு."

ஜிஷா தலையை ஆட்டினாள். அதற்குள் வாய்க்கரிசிக்கு நேரமாகிவிட்டது. அம்மா காளியம்மை அடுக்களைக்குப் போனாள். ஜிஷா எழுந்து ஓடுவதற்குள் டின்னின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"எடீ, இது அப்பாவோட நோட்டல்லே? இதை யாரு அரிசியில கொண்டு போட்டா?"

அம்மா நோட்டைத் தட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். வெங்கிடாசலம் இரண்டு கையையும் நீட்டினார். மலையாள எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் எழுத்துக்கும் சுழிக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்? ஜிஷா நடுவில் புகுந்து நோட்டைப் பிடுங்கி, அப்பாவின் கட்டிய கைகளுக்கு அடியில் செருகினாள்.

"இது அப்பாகூடப் போகட்டும் மாமா."

"என்ன கண்ணு சொல்ற? அவரு உசுரு அது!"

"அப்பா சொன்னதாக்கும். தன்கூட வைக்கணும்னு."

செத்தவர் சொன்னதை யார் மறுப்பது? வெங்கிடாசலத்தின் கை அப்படியே கீழே இறங்கியது. பெண்கள் கூட்டத்தில் ஓலம் எழுந்தது. "பெண்ணு பெத்தா இப்படிப் பெறணும்" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எழுதிய ஒன்பது அத்தியாயமும் அந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது என்பது, அப்பாவை ஏற்றி வண்டிக் கதவைச் சாத்தியபோதுதான் ஜிஷாவுக்கு உறைத்தது. நெஞ்சிலடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். அப்பாவுக்காக ஓடுகிறாள் என்று நினைத்து நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் எல்லோரும் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்தார்கள். ஈரத் தலையோடு வெங்கிடாசலம் அவள் எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நோட்டு போனாப் போவுது அம்மிணி. கேட்டவ நீ இருக்கறயில்ல? முழுக்கச் சொல்ல வேண்டாம். இசக்கிதுரை வெளிய வந்தானா, இல்லையா? அந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் சொல்லு."

ஜிஷா நினைத்துப் பார்த்தாள். அன்று குக்கர் விசில் அடித்தது. கடையில் லீவு தர மாட்டேன் என்று சொன்னதை நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தாள். அப்பா கடைசிப் பக்கத்தை அழுதுகொண்டே சொன்னார். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதெல்லாம் நினைவிருக்கிறது. என்ன சொன்னார் என்பது மட்டும் நினைவில்லை.

"அவசரமில்ல கண்ணு. மெதுவாச் சொல்லு, நான் எழுதிக்கறேன்."

வெங்கிடாசலம் மடியில் ஒரு தாளை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.