மாகுரு கேட்ட தேதி

கட்சிக்காரர்கள் இருவர் அப்பாவின் மேல் கொடியைப் போர்த்திக்கொண்டிருந்தபோது, சுசரிதா இடையில் கைவிட்டு அவர் உதட்டில் ஒட்டியிருந்த துளசியை எடுத்தாள். விடியற்காலையில், மூச்சு அடங்குவதற்கு முன், பூரி கோயிலின் நிர்மால்யப் பிரசாதத்தோடு அவள்தான் அதை வாயில் இட்டிருந்தாள்.

தீனபந்து பாணிகிராஹி சம்பல்பூரில் நாற்பத்தைந்து வருடம் வக்கீல். நான்கு முறை எம்.எல்.ஏ., ஒரு முறை சட்ட அமைச்சர். ஆனால் ஊர் அவரைக் கொண்டாடியது ஒரு வழக்குக்காக. அணை நீரில் ஊர் மூழ்கிப்போன நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு மாற்று நிலம் கேட்டு, கட்டாக் உயர் நீதிமன்றத்தில் ஃபீஸ் வாங்காமல் வாதாடியவர். அந்த வழக்குக்காகவே சுசரிதா சட்டம் படித்தாள். ஆறு வருடமாக அவரிடம் ஜூனியர். கட்டாக் வேலையை மட்டும் அவர் தன் கையிலேயே வைத்திருந்தார். அவர் சொன்னதைச் சரிபார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பத்து மணிக்கு அந்தக் குடும்பங்களிலிருந்து ஒரு டிராக்டர் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்களில் மூத்தவரான மாகுரு கிசான், பாடையில் ஒரு மூலையைத் தங்களுக்கு விடவேண்டும் என்று கேட்டார். பிறகு தயங்கி,

“இப்பக் கேக்கக் கூடாதுதான், வக்கீலம்மா. தை மாசம் கேஸுக்குத் தேதின்னு சொன்னீங்களே. அதுக்கு இனி நீங்கதானே போவீங்க?” என்றார்.

போவதாகச் சொல்லிவிட்டு, வழக்குக் கட்டை எடுத்துவைக்கச் சொல்ல அவள் ஆபீஸ் அறைக்குப் போனாள். முப்பத்தெட்டு வருட குமாஸ்தா லிங்கராஜ், வந்தவர்களுக்காக நாற்காலிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் கதவைச் சாத்தினார்.

“அந்தக் கேஸே இல்லம்மா.”

“கட்டாக்ல இருக்கா, சித்தப்பா?”

“எங்கயும் இல்ல. தொண்ணூத்தஞ்சுலயே வாபஸ் வாங்கிட்டாரு. மந்திரியாகறதுக்கு நாலு நாள் முன்னாடி. சர்க்கார் மேல கேஸ் வச்சுக்கிட்டு சர்க்கார்ல எப்படி உக்காருவீங்கன்னு மேலிடத்துல கேட்டாங்களாம்.”

“அப்ப வருஷா வருஷம் தேதி?”

“அவர் சொல்லுவாரு. நான் சீட்டுல எழுதித் தருவேன்.” நாற்காலியின் தூசியைத் தட்டினார். “ஆறு வருஷமா அவங்ககிட்ட நீ குடுத்தே.”

வழக்கோடு வருபவர்கள் உட்காரும் பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். வெளியே யாரோ அப்பாவின் பெயரைச் சொல்லிக் கோஷம் போட, கூட்டம் ‘அமர் ரஹே’, அழியாமல் வாழ்க, என்றது. இன்றைக்குச் சொல்ல வேண்டாம், தகனம் முடியட்டும், பத்து நாள் போகட்டும் என்று லிங்கராஜ் தணிந்த குரலில் சொன்னார். பத்து நாள் என்பதும் இன்னொரு தேதிதான் என்று அவளுக்குப் பட்டது.

மாகுரு பாடை தூக்குவதற்காகத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கொய்யா மரத்தடிக்கு அழைத்துப் போய் எதையும் குறைக்காமல் சொன்னாள். “நானும் சொன்னேன். தெரியாமத்தான். ஆனா சொன்னேன்.” மறுபடி மனுப் போட முடியுமா பார்க்கிறேன் என்று ஆரம்பித்தவள், அது அப்பாவின் குரல் போலவே ஒலித்ததால் நிறுத்திக்கொண்டாள்.

மாகுரு அவளைப் பார்க்கவில்லை. கொடிக்கு வெளியே தெரிந்த பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம் மவன் செத்தப்ப அவரு என் வீட்டுக்கு வந்தாரு. தரையில உக்காந்து எங்களோட சாப்பிட்டாரு. அது எந்த வருஷம் தெரியுமா?”



“ரெண்டாயிரத்து ஒண்ணு,” என்றார் அவரே.

துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு பெண்களிடம் போனார். நாலு வார்த்தைதான் பேசியிருப்பார். அழுகை ஒவ்வொருவராக நின்றது. வயதான ஒருத்தி மட்டும் விஷயம் புரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் அழுதாள். பக்கத்திலிருந்தவள் அவள் காதில் சொன்னதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் டிராக்டரில் ஏறினார்கள்.

இவர்கள் ஏன் இப்போதே கிளம்புகிறார்கள் என்று கட்சிச் செயலாளர் கேட்டார். சுசரிதா வாசலுக்குப் போய் நின்றாள்.

தெருமுனையில் நின்ற போலீஸ்காரர், இறுதி ஊர்வலத்தின் முதல் வண்டி இதுதான் என்று நினைத்துவிட்டார். விசில் ஊதிப் பேருந்துகளை நிறுத்தி வழிவிட்டார். கடைகளில் இருந்தவர்கள் எழுந்து வந்து, செருப்பைக் கழற்றி, டிராக்டரைப் பார்த்துக் கைகூப்பினார்கள். வண்டியில் இருந்தவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.