உள்ளேன் அம்மா

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்புறத் தெருவில், ஆவாரம்பட்டை வாசனையும் தோல் நாற்றமும் மாறி மாறி அடிக்கும் இடத்தில், சம்பூர்ணம் டீச்சரின் பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. அதற்கு இருந்தது ஒரே ஒரு வியாதிதான். ஐப்பசி வந்தால் பிள்ளைகளில் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. நிலக்கடலைக் கொல்லையில் மல்லாக்கொட்டை பிடுங்கத்தான்.

அந்த வருஷம் ஐப்பசியோடு ஒரு சுற்றறிக்கையும் சேர்ந்து வந்தது. இன்ஸ்பெக்‌ஷன் அன்று இருபது பிள்ளைகள் நேரில் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு சர்க்கார் மானியம் நிறுத்தப்படும் என்று மெட்ராஸில் எந்தப் புண்ணியவானோ கையெழுத்துப் போட்டுவிட்டார். சம்பூர்ணம் உடனே எண்ணிப் பார்த்தாள். பதிவேட்டில் இருபத்திரண்டு பேர், பெஞ்சியில் பதிமூன்று பேர். மானியம் நின்றால் பள்ளிக்கூடம் மூடவேண்டியதுதான். அந்தப் பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஊரில் வேறு தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடையாது.

அழுதுகொண்டு உட்கார அவளுக்கு நேரம் ஏது? இரண்டு தெரு தள்ளி உருதுப் பெண்கள் பள்ளி நடத்திய அன்வரி பேகத்திடம் போய் நின்றாள். பதினைந்து நாளைக்கு முன்புதான் அங்கே உருது இன்ஸ்பெக்‌ஷன் நடந்திருந்தது. அப்போது ஆள் குறைந்தது பேகத்துக்கு. சம்பூர்ணம் தன் பதிமூன்று பேரையும் தாவணியை முக்காடாகப் போடச் சொல்லி அனுப்பிவைத்து மானத்தைக் காப்பாற்றினாள். இப்போது பேகம் திருப்பிச் செய்யவேண்டிய முறை. ஒன்பது பேரைத் தருகிறேன், ஆனால் பொட்டு வைக்கக் கூடாது என்றாள் பேகம். என் பிள்ளைகளில் பாதி சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பெண்கள், அவர்களே பொட்டு வைப்பதில்லை என்றாள் சம்பூர்ணம். பேரம் முடிந்தது.

இரண்டு நாள் ஒத்திகை நடந்தது. ஒன்பது பேருக்கும் புதுப் பேர் வைத்தாயிற்று. வராத முனியம்மாவின் பேர், துறுதுறுவென்று இருந்த ஜஹீதாவுக்குப் போயிற்று. தமிழ் அவர்களுக்குத் தெருவில் பேசிப் பழக்கம், எழுத்துத்தான் தெரியாது. பேரைக் கூப்பிட்டால் ‘உள்ளேன் அம்மா’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று சம்பூர்ணம் நூறு தரம் சொல்லவைத்தாள். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவார்கள் என்று தெரிந்த பிறகே நிம்மதியாக மூச்சுவிட்டாள். தன் சொந்தப் பிள்ளைகளை ஒத்திகை பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வேலூரிலிருந்து புதிதாக வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அமிர்தவள்ளி அம்மாள் சிரிக்கிற ஜாதி இல்லை. உட்கார்ந்ததும் பதிவேட்டைத் தானே வாங்கிக் கணீரென்று பேர் கூப்பிட்டாள். அந்தக் கணீர்க் குரலைக் கேட்டதும் சம்பூர்ணத்தின் சொந்தப் பிள்ளைகளுக்கு அன்வரி பேகத்தின் பயிற்சிதான் ஞாபகத்துக்கு வந்தது. பேகம் கையில் பிரம்பு கிடையாது, பார்வை ஒன்றே போதும். அந்தப் பார்வையில் படித்த பாடம் பதினைந்து நாளில் மறக்குமா?

“செல்லம்மாள்!”

“ஹாஜர்!”

பேகத்தின் பள்ளியில் ‘உள்ளேன்’ என்பதற்கு அதுதான் பதில். அடுத்தவளும் ஹாஜர். அதற்கடுத்தவளும் ஹாஜர். நடுநடுவே இரவல் வந்த ஒன்பது பேரும் மணிமணியாக ‘உள்ளேன் அம்மா’ என்றார்கள்.

அமிர்தவள்ளி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். ஹாஜர் சொன்னவர்களை ஒரு பக்கம் நிற்கச் சொன்னாள். பதிமூன்று பேர்.

“இன்னா டீச்சர், உருதுப் பள்ளிக்கூடத்துலர்ந்து ஆள் புடிச்சாந்தீங்களா?”

அடப் பாவமே! களவு நடந்தது என்னவோ நிஜம், பிடிபட்டதோ வீட்டுக்காரர்கள். சம்பூர்ணத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஒன்பது பேர் மட்டுமே அசல் என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது. அந்தப் பதிமூன்று பேரையும் தமிழ் படிக்கச் சொல்லிப் பாருங்கள் என்றாள், துணிந்து.

படித்தார்கள். தங்குதடையில்லாமல் ஒவ்வொருத்தியும் படித்தாள். பதிமூன்றாமவள் முடிப்பதற்குள் அமிர்தவள்ளி அம்மாளின் முகம் கொஞ்சம் சிறுத்துவிட்டது. தப்பாக நினைத்துவிட்டேன் என்றாள். சம்பூர்ணம் மனசுக்குள் இருபத்திரண்டு என்று கூட்டிக்கொண்டு காப்பி வரவழைக்கத் திரும்பினாள்.

“அந்தப் பக்கத்துலயும் ஒருத்தி படிக்கட்டும். முனியம்மா, நீ வா.”

ஜஹீதா வந்தாள். புத்தகத்தை வாங்கினாள். அவள் பள்ளிக்கூடத்தில் புத்தகத்தை எப்படித் திறப்பார்களோ அப்படியே, பின்னட்டையைப் புரட்டித் திறந்தாள். உருது வலமிருந்து இடமாகத்தானே ஓடும்!

கெட்டிக்காரி! திறந்தது கடைசிப் பாடம், பசு. இரண்டு நாளும் மற்றவர்கள் ராகம் போட்டுக் கத்தியதைக் கேட்டுக் கேட்டு அது அவளுக்கு மனப்பாடம். ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். கூடவே, படிக்கிற பாவனை வேண்டுமே என்று விரலையும் வரிமேல் ஓட்டினாள். வலது ஓரத்தில் ஆரம்பித்து இடது ஓரத்தில் முடித்தாள், ஒவ்வொரு வரியையும்.

அமிர்தவள்ளி அம்மாள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம் ஒரேயடியாகப் பயந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள்.

“வராத பிள்ளைங்க எங்க போயிருக்குதுங்க?” என்று கேட்டாள் அமிர்தவள்ளி அம்மாள், தாழ்ந்த குரலில்.

“மல்லாக்கொட்டை புடுங்கம்மா. ஒரு மாசம். அப்புறம் வந்துடும்.”

“மெட்ராஸ்ல உட்கார்ந்து எழுதறவங்களுக்கு மல்லாக்கொட்டை எந்த மாசம் புடுங்குவாங்கன்னு தெரியாது.”

பிறகு, மேற்பார்வைக்கு வருகிறவர்கள் குறிப்பெழுதும் பார்வைப் புத்தகத்தை இழுத்து எழுதினாள்: ‘இருபத்திரண்டு பேர் ஆஜர். இப்பள்ளிப் பெண்கள் புத்தகத்தை இரு புறமிருந்தும் படிக்கிறார்கள். மானியம் தொடரலாம்.’

வாசலில் வண்டி ஏறும்போது மட்டும் திரும்பினாள்.

“அடுத்த வருசம் ஐப்பசியில வர மாட்டேன். தை மாசம் வர்றேன். முனியம்மா இருக்கணும்.”

சம்பூர்ணம் வண்டியருகே ஓடினாள். “எந்த முனியம்மா, அம்மா?”

“ரெண்டு பேரும்தான்” என்றாள் அமிர்தவள்ளி அம்மாள்.