தகடு இல்லாத மீன்தொட்டி

டிரைவர் சீட்டுக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார் வெர்னன். பழைய பஸ் கிளப்பின் தலைவர் அவர். எந்த ஊரில் கட்டிய வண்டி என்று சொல்லும் தகடு அங்கே இல்லை. வெறும் ஆணி ஓட்டைகள். ஒரு மூலையில் மட்டும் ஆணியும் அதில் சிக்கிய துண்டுத் தகடும் மிச்சம். யாரோ நெம்பிப் பிடுங்கியிருக்கிறார்கள்.

கோழிப் பண்ணைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த வண்டி அது. முன்கண்ணாடி வளைந்து உப்பியிருப்பதால் அந்த ரகத்துக்கு மீன்தொட்டி என்று பெயர். காலமெல்லாம் பஸ் டிரைவர் வேலை பார்த்த ஒடெஸ்ஸா, ஓய்வுபெற்ற பிறகு அதை வாங்கி ஓட வைத்திருந்தாள். பஸ் கட்டும் தொழிற்சாலை இருந்த பாண்டியாக் நகர மியூசியத்தில் ஒரு வண்டிக்குத்தான் இடம். பாண்டியாக்கிலேயே கட்டியதென்று கிளப் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வண்டி இந்தக் குளிர்காலமும் பனியில்தான் நிற்கும். அடிச்சட்டம் அதைத் தாங்காது.

பின்கதவையும் ஜன்னல் சட்டத்தையும் காட்டி வாதாடிப் பார்த்தாள். அதே அச்சில் கனடாவிலும் கட்டினார்கள் என்றார் வெர்னன்.

"தகடு இல்லேன்னா பொறந்த ஊரும் இல்லம்மா. கிளப் விதி அது."

விதியை எழுதிய மகராசனும் இவர்தான்!

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்காரர்களுக்கு வெர்னன் வீட்டில் விருந்து. ஹாட் டாக் தட்டோடு அவருடைய கார் ஷெட்டுக்குள் போன ஒடெஸ்ஸா அப்படியே நின்றுவிட்டாள். சுவர் முழுக்கத் தகடுகள், பளபளவென்று. ஒதுக்கிப் போட்ட பஸ் எங்கே கிடந்தாலும் ஒரு ஞாபகத்துக்குத் தகட்டைக் கழற்றி வருவது இந்த ரசிகர்களின் பழக்கம். பாசமாம்! நடுவரிசையில் ஒன்றுக்கு மூலை இல்லை. பாண்டியாக் என்று அதில் தெளிவாகப் பொறித்திருந்தது.

அவள் அதைச் சுவரிலிருந்து கழற்றினாள். வெர்னன் பதறி ஓடிவந்தார்.

"நான் எடுத்து வச்சதாலதாம்மா அது பொழச்சுது. எது எந்த வண்டியோடதுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"பேரைத் திருடி ஷெட்டுல மாட்டிக்கிட்டு, பேரு எங்கேன்னு என்னையே கேக்குறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

எல்லோரும் வண்டி நிற்கும் இடத்துக்குப் போனார்கள். துண்டும் தகடும் இம்மி பிசகாமல் பொருந்தின. கிளப் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டது.

வண்டி மியூசியத்துக்கு ஊர்வலமாகப் போன நாளில் வெர்னன் மைக்கைப் பிடித்து, காணாமல் போன தகட்டைக் கிளப்தான் கண்டுபிடித்தது என்று கூசாமல் பேசினார். பேசி முடித்து, கையில் கொடியோடு, முதல் ஆளாய் முன்படியில் கால் வைக்க வந்தார்.

டிரைவர் சீட்டில் இருந்த ஒடெஸ்ஸா கதவு நெம்புகோலைத் தள்ளினாள். கதவு அவர் மூக்கெதிரே மூடிக்கொண்டது. பக்க ஜன்னலைத் திறந்து, வேலையில் இருந்த காலத்துக் குரலிலேயே சொன்னாள்.

"அடுத்த பஸ்ல வாங்க."