நாலு விரல்

முதலில் மாப்பிள்ளையின் தலையை வெட்டினான். பிறகு கழுத்து, தோள், மார்பு. வெட்டிய இடமெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஸ்டூடியோவில் தினமும் யார் யாருடைய படத்துக்கோ பின்னணியை எடுக்கிறவன்தான். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தது இன்றுதான்.

தங்கச்சியைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். புருஷன் வீட்டார் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துவரை பொத்தானும் மாட்டி அனுப்பியிருந்தார்கள். மதியம் சுடுகாட்டு வண்டி வந்துவிடும். அதற்குள் தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்த மாதிரி இருந்தது இந்த ஒன்றுதான். அதிலும் பக்கத்தில் அவன், தோளோடு தோளாக.

“அந்த நாசமாப் போறவன் மூஞ்சி மட்டும் இருக்கக் கூடாது. மத்தது எப்படி இருந்தாலும் பரவாயில்ல,” என்றாள் அம்மா.

அப்பா கதவோரம் நின்றிருந்தார். “மெதுவாப் பேசு. மாடிப்படியில விழுந்துட்டாள்னுதானே சொல்றாங்க. நாலு பேர் வர்ற இடம்.”

“ஆமா, உங்களுக்கு மானம்தான் பெருசு,” என்றான் மகன். “அவன் கை நீட்டுறான்னு அவ எத்தனை தடவை வந்து அழுதா? அனுசரிச்சுப் போம்மான்னு திருப்பி அனுப்புனது யாரு?”

அப்பா கூடத்துக்குப் போய்விட்டார்.

படத்தில் ஆள் போய்விட்டான். அவளுடைய மேல்கையைப் பிடித்திருந்த நாலு விரல் மட்டும் மிச்சம். ஒன்றில் பச்சைக்கல் மோதிரம். விரலை அழித்தால் அங்கே ஓட்டை விழும். பக்கத்திலிருந்து நல்ல தோலை எடுத்து அடைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான்.

பெரிதாக்கினான். விரல்களுக்கு மேலே, பவுடரையும் மீறிக் கன்றிப்போன தோல். கீழேயும் அதே. மறு கைக்குப் போனான், மஞ்சள் பூத்த பழைய காயம். கழுத்தில் நகம் கிழித்த கோடு. எடுத்து ஒட்ட ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக்கூட நல்ல தோல் கிடைக்கவில்லை.

கீபோர்டை ஓங்கிக் குத்தினான். எழுத்துக் கட்டைகள் தெறித்துச் சுவரில் பட்டன. முஷ்டியில் ரத்தம் வந்தது. அவனைக் கொன்று போட்டால்தான் ஆத்திரம் அடங்கும் போலிருந்தது. இன்னொரு பிள்ளையையும் இழந்துவிட்டு அம்மா எங்கே போவாள்?

மூஞ்சி மட்டும்தானே இருக்கக் கூடாது. விரல்களை அழிக்காமல் அப்படியே பிரிண்ட் கொடுத்தான்.

தலைமாட்டில், வெள்ளைப் பின்னணியில் அவள் சிரித்தாள். ஆளில்லாத நாலு விரல் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தது, சதை பிதுங்கும்படி. வந்தவர்கள் கிட்டே போய் உற்றுப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை பூவோடு வந்தான். குனிந்து வைக்கும்போது கையில் பச்சைக்கல் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா படத்தைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள். அவன் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

வெளியே வண்டி வந்து நின்றது. தூக்க நாலு பேர் குனிந்தார்கள்.

“இருங்க,” என்றார் அப்பா. “யாரும் தொடாதீங்க.”

மகள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி, எல்லார் முன்னாலும் மெதுவாக மேலே சுருட்டத் தொடங்கினார்.