ஒடிந்த கிழங்கின் இன்னொரு கை

கூடையிலிருந்து அந்தக் கிழங்கை எடுத்ததும் ஷமா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

விதைக்கென்று ஒதுக்கியிருந்த மற்றதெல்லாம் இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்தது. இது மட்டும் வழவழவென்று, ஒரு முனை ஒடிந்து கிடந்தது. காந்தள் கொடியின் கண்வலிக்கிழங்கு. தின்றால் ஆளைக் கொல்லும் விஷம். முழுதாக இருந்தால் கலப்பை மாதிரி இரண்டு கை இருக்கும். இங்கே ஒரு கைதான் இருக்கிறது. இன்னொன்று எங்கே?

அவள் பயிர் செய்தது வேறு கிழங்கு. போன லீவில் துபாயிலிருந்து வந்த புருஷன் ஃபாஜில், ஜெருசலேம் ஆர்டிசோக் என்று வாயில் நுழையாத பேரோடு கொண்டுவந்து, சர்க்கரைக்கு நல்லதாம் என்று அவள் தலையில் கட்டிவிட்டுப் போனான், மகராசன். அது ஆளுயரம் வளர்ந்து, சூரியகாந்தி போல மஞ்சளாகப் பூத்தது. வேலியோரத்துக் காந்தள் கொடியும் அதன்மேல் ஏறிச் சிவப்பாகப் பூத்தபோது, அழகாயிருக்கிறதே என்று விட்டுவைத்தாள். அழகாம் அழகு! காய்ந்ததும் இரண்டையும் ஒன்றாக அறுத்துப் போட்டுவிட்டு, இன்று காலையில்தான் தோண்டினாள். மளமளவென்று தோல் சீவி, நறுக்கி, பிரட்டல் வைத்தாள்.

ரமலான் நோன்பு. உப்புகூடப் பார்க்கவில்லை. நாக்கில் ஒரு துண்டு வைத்திருந்தால் கசப்பு காட்டிக் கொடுத்திருக்கும். கொல்லையில் முதலில் விளைந்தது பக்கத்து வீட்டுக்குப் போகாமல் அவள் வீட்டில் யாரும் வாயில் வைப்பதில்லை. அதனால் மத்தியானமே ஒரு கிண்ணம் வானதிக்குப் போய்விட்டது. வானதிக்கு இது ஏழாம் மாதம்.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

வானதி கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். மாமியார் கமலாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வாம்மா ஷமா. சாப்ட்டதுலேருந்து இவளுக்கு வயிறு கடாமுடான்னு உருட்டுது."

ஷமா கட்டிலருகே போனாள். "பெரியம்மா, நான் தப்பு பண்ணிட்டேன்" என்று கிழங்கை நீட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார் என்று நினைத்தாள். கமலாம்பாள் திட்டவில்லை. அவர் முகம் வெளிறியதைப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது.

"ஏங்க! ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க!"

மாமனார் வீரையன் போனைப் போட்டார். வைத்த கையோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷமாவின் கொல்லைக்கு ஓடினார்.

கிண்ணத்தில் கொஞ்சம் மீதி இருந்தது. ஷமா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்றே? இன்னும் பாங்கு சொல்லலையே, நோன்பு போயிடுமே!"

"கசக்குதான்னு பாக்குறேன் பெரியம்மா. அவளுக்கு ஒண்ணுன்னா எனக்கும் வரட்டும்."

கசக்கவில்லை. ஆனால் வானதி தின்ற துண்டுகளை யார் ருசி பார்ப்பது? வானதி அவள் தோளைப் பிடித்து, "போதும்க்கா, விடுங்க" என்றாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

வீரையன் மூச்சிரைக்க வந்தார். மண் ஒட்டிய கிழங்குத் துண்டு ஒன்று அவர் உள்ளங்கையில் இருந்தது. ஷமா கொண்டுவந்ததோடு சேர்த்துப் பிடித்தார். ஒடிந்த வாய் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின.

"மண்ணுக்குள்ளதான் கெடந்துச்சு. கொடி ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணுதான் பெரியப்பா."

"அப்ப ரெண்டு கையும் இங்கதான் இருக்கு. பெரட்டல்ல இல்ல."

அப்போது வானதி வீடே அதிர ஒரு ஏப்பம் விட்டாள். வீரையன் மரியாதையாக உத்தரத்தைப் பார்த்தார். வானதி வெட்கத்தோடு, "இப்ப கொஞ்சம் தேவலாம்த்தை" என்றாள். எல்லாம் அந்தத் துபாய்க் கிழங்கு கிளப்பிய வாய்வு. ஷமா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"வண்டி வரட்டும். எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடுவோம்" என்றார் கமலாம்பாள். பிறகு, வெளிநாட்டுக் கிழங்கெல்லாம் ஒத்துக்காது என்று மத்தியானம் தொடாத அந்த மனுஷி, கிண்ணத்தில் கடைசியாகக் கிடந்த துண்டை எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"உப்பு கம்மிம்மா" என்றார்.