திறப்புவிழாவில் அறுபத்திரண்டு

காற்றில் மிதக்கும் கரித்துகளை நிமிடத்துக்கு நிமிடம் அளக்கும் கருவியொன்றை யதுர்ஷிகா இரண்டு வருடம் உழைத்துச் செய்திருந்தாள். சிறு பம்பி ஒன்று வெள்ளை வடிதாள் நாடாவின் ஊடாகக் காற்றை இழுக்கும். கரி படியப் படியத் தாளை ஊடுருவும் வெளிச்சம் குறையும். அந்தக் குறைவைக் கருவி எண்ணாக்கித் திரையில் காட்டும். திட்டத் தலைவர் கலாநிதி சுதாகரனுக்கு இவ்வளவும் தெரியுமா என்பது அவளுக்குக் கடைசிவரை சந்தேகம்தான்.

முரசுமோட்டையில், அரிசி ஆலைக்குப் பின்னால் குடியிருந்த விமலேஸ்வரியின் வளவில் கருவியைப் பூட்டினார்கள். ஆலையில் உமி எரிகிற நேரம் எண் முப்பதைத் தாண்டும். அடுப்பு அணைந்தால் மூன்றுக்கு இறங்கும்.

திறப்புவிழாவுக்குக் கொழும்பிலிருந்து விருந்தினர் வருவதாக இருந்தது. சுதாகரன் முதல்நாளே போய், விழா முடியும்வரை அடுப்பை மூட்டவேண்டாம் என்று ஆலைக்காரரைக் கேட்டுக்கொண்டார்.

"புகையை அளக்கத்தானே சேர் இதைச் செய்தனாங்கள்," என்றாள் யதுர்ஷிகா.

"வாற ஆக்களுக்கு நல்ல இலக்கமாக் காட்டவேணும். உமக்கு உது விளங்காது."

விழாவன்று நான்கு வாகனங்கள் வந்து வேலியோரம் நின்றன. உள்ளே குளிர் போய்விடக்கூடாது என்று ஒரு சாரதியும் எஞ்சினை நிறுத்தவில்லை. காற்றை இழுக்கும் குழாய் அதே வேலியில்தான் இருந்தது. சுத்தமான காற்றைப் பற்றி மூன்று பேர் ஒரு மணிநேரம் பேசினார்கள். பிறகு பிரதம விருந்தினர் திரையில் என்ன இலக்கம் என்று கேட்டார்.

"அறுபத்திரண்டு," என்று வாசித்தாள் யதுர்ஷிகா.

"கருவியில ஏதோ பிழை," என்றார் சுதாகரன் உடனே.

"கருவியில பிழையில்லை, சேர். வாகனங்களை நிப்பாட்டச் சொல்லுங்கோ, இறங்கும்."

ஒருவரும் சொல்லவில்லை. அவள் நாடாவை இழுத்துக் கரிய வட்டத்தைக் காட்டினாள். விருந்தினர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பாட்டுக்குப் போனார். விமலேஸ்வரி மட்டும் கிட்ட வந்து பார்த்தா.

"இதுதானே பிள்ளை ஒவ்வொரு நாளும் எங்கட நெஞ்சுக்குள்ள போறது?"

"ஓம் அம்மா."

கருவி நம்பத்தகாதது என்று சுதாகரன் அறிக்கை எழுதினார். யதுர்ஷிகா கையெழுத்து வைக்க மறுத்தாள். அவள் கையெழுத்தில்லாமலே அறிக்கை போனது. அவருக்கு ஒரு மாநாட்டு அழைப்பும் வந்தது.

விமலேஸ்வரி திரையில் வந்த எண்களை நேரத்தோடு இரண்டு மாதம் கொப்பியில் எழுதி, பிரதேச சபையில் முறைப்பாட்டோடு கொடுத்தா. அங்கே அறிக்கையைக் காட்டிக் கையை விரித்தார்கள். யதுர்ஷிகா லீவு போட்டுவிட்டுப் போய், கருவியை மேசையில் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, எண் ஏறுவதையும் இறங்குவதையும் அவர்கள் கண்முன்னே காட்டினாள். அதன்பிறகே ஆலையின் புகைபோக்கியை உயர்த்தும்படி கடிதம் போனது.

இப்போது அந்த வளவில் எண் ஏழைத் தாண்டுவதில்லை. உயர்ந்த புகை எங்கே போய் விழுகிறது என்று எவரும் கேட்கவில்லை. யதுர்ஷிகா இரண்டாவது கருவியை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு பக்கத்து ஊர்களில் இடம் தேடித் திரிகிறாள்.