நாலாம் நம்பர் பிரஸ்ஸும் இரட்டை வரியும்

ஷாகிதாவுக்கு ஒரு பழக்கம். தப்பு எங்கே என்று தேடுவதற்கு முன்னால், அது ஏன் இந்த ஆளுக்கு மட்டும் வருகிறது என்று கேட்பாள். பூந்தமல்லியில் மெட்ரோ வேலையில் பஸ் மாட்டிக்கொண்டதில் பாதி நேரம் போய்விட்டது. இரண்டு மணி ஷிப்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் பாக்கி. இருந்தும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற கம்பெனி அது. யார் எந்த மிஷினில் நிற்கலாம் என்கிற பட்டியலைப் பைத்தான் புரோகிராமாக எழுதிக் கொடுத்தவள் அவள்தான். ஒரு ஆளுக்குப் பல மிஷின் தெரியும். ஒரு மிஷினைப் பல ஆட்கள் ஓட்டுவார்கள். கம்ப்யூட்டருக்குள் ஆட்களுக்கு ஒரு டேபிள், அதாவது அட்டவணை, மிஷின்களுக்கு ஒரு டேபிள், இரண்டையும் முடிச்சுப் போட நடுவில் ஒரு டேபிள். ஒரு முடிச்சுக்கு ஒரு வரி.

தகராறு, தகடு அழுத்துகிற பிரஸ் மிஷினில் நிற்கும் தாட்சாயிணி பேரில். அவளுக்கு நாலாம் மாசம். பிரஸ் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். நாலாம் நம்பர் பிரஸ்ஸிலிருந்து அவள் பேரை எடுக்கப் போனால், கம்ப்யூட்டர் மாட்டேன் என்கிறது. பட்டியலில் இல்லாத இடத்தில் யாரும் நிற்கக்கூடாது என்பது முதலாளி கட்டளை. இரண்டு நாளாக வந்த வழியே திரும்பிப் போயிருந்தாள்.

"இன்னிக்கும் பிரஸ்ஸுதான்னா என்னை நிறுத்திடுவாங்க மேடம். வேற ஆளு பார்த்துகினு கீறாங்க," என்றாள் தாட்சாயிணி.

"இருங்கக்கா. ரெண்டு மணிக்குள்ள பார்த்துடறேன்."

ஒரு வரியை நீக்கப் போனேன், இரண்டு அகப்பட்டது, அதனால் எதையும் தொடவில்லை என்பதுதான் கம்ப்யூட்டரின் புகார். திரையிலோ பேர் ஒரே ஒரு தடவைதான் இருந்தது. ஷாகிதா நேராக நடு டேபிளையே திறந்தாள். அட! தாட்சாயிணி, நாலாம் நம்பர். அடியில் மறுபடியும் அதே வரி. காட்டும்போது இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டிவிட்டு, நீக்கும்போது மட்டும் கறாராக எண்ணுகிறது.

இப்படி இரட்டை வரி ஏழு பேருக்கு இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் சரியாக ஒன்று. மற்றவர்களை ஏற்றியது ஆபீஸ் அசோக். இந்த ஏழு பேரை ஏற்றியது சூப்பர்வைசர் ஹேமநாதன்.

"அண்ணே, ஒரு பேரை ஏத்திக் காட்டுங்களேன்."

ஹேமநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் இடது பக்கம் ஆளின் கார்டில் மிஷினைச் சேர்த்தார். வலது பக்கம் மிஷின் போர்டில் ஆளைச் சேர்த்தார். பிறகுதான் சேவ்.

"ஏண்ணே ரெண்டு தடவை?"

"இன்னாம்மா இப்டி கேக்கற? கார்டுலயும் எழுதணும், போர்டுலயும் எழுதணும். இருவது வருசமா அப்டித்தான் எழுதிகினு வர்றேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிக் குடுத்ததே நீதானே?"

அவள்தான். பழைய கார்டும் போர்டும் சுவரில் இருந்த மாதிரியே வேண்டுமென்று அவர் கேட்டார், அவளும் வரைந்து கொடுத்தாள். கார்டும் போர்டும் ஒரே முடிச்சின் இரண்டு முனை என்று புரோகிராமுக்கு மட்டும் சொல்லவில்லை. அதுவும் அப்பாவியாக ஒவ்வொரு முனைக்கும் ஒரு வரி எழுதிவிட்டது.

இதிலும் மோசம் ஒன்று உண்டு. கார்டும் போர்டும் ஒரே இடத்தில் எழுதுகின்றன, கவனி என்று முதல் நாளே கம்ப்யூட்டரிடமிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. அன்றைக்கு இருந்த அவசரத்தில் அதை அடக்க புரோகிராமில் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனவள் ஷாகிதா. அந்த வார்த்தை இன்னும் அங்கேயே இருந்தது. சே!

அதை முதலில் அழித்தாள். இரண்டு முனைகளையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்து வைத்தாள். உபரி வரிகளை நீக்கினாள். ஒரே ஆள்-மிஷின் ஜோடி இரண்டாம் முறை நுழையாதபடி பூட்டும் போட்டாள். ஹேமநாதன் வழக்கம்போல இரண்டு பக்கமும் எழுதி சேவ் அடித்தார். ஒரு வரிதான் விழுந்தது.

ஒன்றே முக்காலுக்கு நாலாம் நம்பர் போர்டிலிருந்து தாட்சாயிணி பேர் போயிற்று. புதுப் பட்டியலில் அவளுக்கு, அடித்த தகட்டைச் சரிபார்க்கிற செக்கிங் மேஜை.

"கம்ப்யூட்டர் கடைசில ஒத்துகிச்சா மேடம்?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "அது மொத நாளே சொல்லுச்சுக்கா. நான்தான் வாயை அடைச்சேன்."

"ரெண்டு நாள் ஊட்டுக்குப் போய் அழுதுகினு கெடந்தேன்," என்றாள் தாட்சாயிணி. பிறகு நாலாம் நம்பரைத் தாண்டிப் போய் செக்கிங் மேஜை முன்னால் உட்கார்ந்தாள்.